உச்சிப் பொத்தான் இல்லாத தொப்பி

எனக்குத் தொப்பி என்றால் ஆறு துண்டுகளை வைத்துத் தைத்த பருத்தித் தொப்பிதான். உச்சி தாழ்ந்திருக்க வேண்டும். முன்பக்கத்தில் விறைப்புத் துணி வைத்துத் தைத்திருக்கக் கூடாது. முன்விளிம்பு இரண்டு ஓரங்களிலும் வளைந்து, கடைக்கண்ணில் வெயில் ஏறாத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். பின்பட்டை துணியாக இருந்து, அதில் சின்ன உலோகக் கொக்கி இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் குமிழ் வைத்த பட்டை பிடரி முடியைக் கவ்வி இழுக்கும். வெல்க்ரோ கொஞ்ச நாளில் பஞ்சும் தூசியும் அடைத்துக்கொண்டு பிடிமானம் விட்டுவிடும். காதுக்கு மேலே ஒரு விரல் இடம் விட்டுத் தொப்பி உட்கார வேண்டும். காதைத் தொடக் கூடாது. உச்சியில் இருக்கிற பொத்தானை மட்டும் வாங்கிய அன்றே பிரித்து எடுத்துவிடுவேன். மோட்டார் சைக்கிளில் போகும்போது தொப்பிக்கு மேலே ஹெல்மெட்டைப் போட்டால் அந்தப் பொத்தான் மண்டையில் குத்தும். மலேசியாவில் 1973லேயே ஹெல்மெட் சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஊரான செமிலிங்கிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு மோட்டாரில் வேலைக்குப் போய்வந்த எத்தனையோ பேரின் தொப்பிகளில் உச்சிப் பொத்தான் இருக்காது.

கடைக்காரர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஒரு தொப்பிக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். தோட்டத்தில் பிறந்தவன் தலையில் என்ன வைத்துக்கொள்கிறான், எப்படி வைத்துக்கொள்கிறான், யார் முன்னால் கழற்றுகிறான் என்பதெல்லாம் ஒரு காலத்தில் அவன் முடிவு செய்கிற காரியமாக இருக்கவில்லை.

கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து மெர்போக் போகிற சாலையில் இருக்கிறது செமிலிங். ஒரு பக்கம் 1,217 மீட்டர் உயரத்தில் குனோங் ஜெராய். மறுபக்கம் மெர்போக் ஆறும் அதன் கரையெல்லாம் அலையாத்திக் காடும். சின்னக் கடைவீதி, ஒரு படகுத்துறை. சோழர்கள் கடாரம் என்று கல்லில் வெட்டிவைத்த மண் இதுதான் என்று பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் அகலத் தொப்பிகளோடு வந்து போவார்கள். நாங்கள் ஊரைச் சுற்றியிருந்த கித்தா என்கிற ரப்பர்த் தோட்டங்களில் ஒன்றில் லயத்து வீட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். எனக்குத் தெரிந்து என் வயதுப் பிள்ளைகள் முதன்முதலில் பார்த்த பேஸ்பால் தொப்பி அவரவர் அப்பன் தலையில் இருந்ததுதான். அது பேஸ்பால் விளையாட்டுக்கு உரியது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அப்பாவின் தொப்பி களைக்கொல்லி விற்கிற கம்பெனி ஒன்று இலவசமாகக் கொடுத்தது. நீல நிறம். வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் பூத்துப்போயிருந்தது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பும்போது அப்பா அதைத் திருப்பிப் போடுவார். முன்விளிம்பு பிடரியைப் பார்த்திருக்கும். அதற்கு மேலே நெற்றி விளக்கின் பட்டையை மாட்டுவார். விளக்கிலிருந்து ஒரு கம்பி முதுகு வழியாக இறங்கி இடுப்பில் கட்டிய பேட்டரிப் பெட்டிக்குப் போகும். தொப்பியை நேராகப் போட்டால் விளக்கு வெளிச்சம் விளிம்பின்மேல் விழுந்து கண்ணைக் கூசவைக்கும். விளிம்புக்குக் கீழே இருட்டு. பால் வெட்டுகிறவருக்கு அந்த இருட்டு ஆகாது. மரப்பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். மறுசுற்று வெட்டும்போது அந்த இடத்தில் உளி நிற்காது. தோட்டத்துக் கணக்கரான கிராணி டார்ச்சு அடித்துப் பார்த்துக் காயத்தை எண்ணுவார். ஆகவே விடியும் வரைக்கும் தொப்பி பின்னோக்கி. சூரியன் மரங்களுக்கு மேலே ஏறி, விளக்கை அணைத்து, நிரையில் பாதி முடிந்திருக்கும்போது அப்பா ஒரே கையால் தொப்பியைத் திருப்புவார். உளியைக் கீழே வைக்க மாட்டார்.

பிற்பாடு தொலைக்காட்சியில் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டம் பார்த்தபோது, பந்து எறிகிறவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து பிடிக்கிறவர் தொப்பியைத் திருப்பிப் போட்டு அதன்மேல் முகக்கவசம் மாட்டியிருந்த பழைய படங்களைக் காட்டினார்கள். எனக்கு உடனே அப்பாதான் நினைவுக்கு வந்தார். வேலை எப்படியோ தொப்பி அப்படி. தொப்பியைத் திருப்பிப் போடுகிற பையன்களைப் பார்த்து ஒழுக்கமில்லாதவன் என்று பெரியவர்கள் முணுமுணுக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எங்கள் தோட்டத்தில் மிக ஒழுங்காகப் பால் வெட்டியவர்கள் எல்லாரும் அப்படித்தான் போட்டார்கள்.

மரம் முதிர்ந்து, கீழ்ப்பட்டை தீர்ந்து, தலைக்கு மேலே வெட்டுகிற காலம் வரும். நீளக் கழியில் உளியைக் கட்டி அண்ணாந்து வெட்ட வேண்டும். பால் எப்போதும் கோட்டில் ஓடிப் போய் மங்குக் கிண்ணத்தில் விழுந்துகொண்டிருக்காது. சில துளி வழி தவறித் தொப்பிமேல் விழும். கித்தாப் பால் துணியில் பட்டுக் காய்ந்துவிட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. முதலில் வெள்ளை, பிறகு பழுப்பு, கடைசியில் கறுப்பு. பசியாறுகிற நேரத்தில் அப்பா மரத்தடியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் கவிழ்த்து, விளிம்பில் இழை இழையாகக் காய்ந்திருந்த பாலை நகத்தால் உரிப்பார். உரித்ததை எறிய மாட்டார். உள்ளங்கையில் உருட்டிச் சுண்டைக்காய் அளவு உருண்டையாக்கி ஒட்டுப்பால் வாளியில் போடுவார். ஒட்டுப்பாலுக்கும் எடைக்கணக்கு உண்டு.

அம்மாவின் தொப்பி வேறு விதம். பெண்கள் முதலில் ஒரு பழைய பாத்திக் துணியைத் தலையில் சுற்றுவார்கள். அது காதையும் பிடரியையும் மூடிக் கழுத்தில் முடிச்சாக இறங்கும். கொசுவுக்கு அதுதான் காவல். அதற்கு மேலேதான் தொப்பி. துணியின் கனமும் கொண்டையும் சேர்வதால் ஆண்களின் தொப்பி தலையில் இறங்காது. அம்மா பின்பட்டையைக் கடைசிக் குமிழ் வரைக்கும் தளர்த்தியும் போதாமல், அதை அறுத்துவிட்டு உள்பாவாடை நாடாவை வைத்துத் தைத்திருந்தார். கொண்டையைப் பட்டைக்குக் கீழே வருமாறு தாழ்த்திப் போடுவார். கறுப்புத் தொப்பியை மட்டும் தொட மாட்டார்.

“கறுப்ப மாட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள போனா கொசு சும்மா விடுமா?” என்பார். அடர்ந்த நிறத்துக்குக் கொசு கூடுதலாக வரும் என்பது உண்மைதான். கறுப்பு வெயிலையும் அதிகமாக உறிஞ்சும். பிப்ரவரியில் கித்தா மரங்கள் இலை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்போது கெடாவில் மழையும் இருக்காது. காட்டுக்குள்ளேயே நேர் வெயில். அந்த மாதங்களில் அம்மா வெளிர் மஞ்சள் தொப்பி ஒன்றைப் போடுவார். எனக்கு இன்றைக்கும் கறுப்புத் தொப்பி பிடிக்காது. கடையில் எவ்வளவு அழகாகத் தொங்கினாலும் கை போகாது.

தாத்தா தொப்பியே போட்டதில்லை. ஒரு துண்டு. வெயிலுக்குத் தலையில் கட்டுவார்; ஆள் வந்தால் அவிழ்த்து அக்குளில் இடுக்குவார். அவருடைய காலத்தில் தொப்பி துரைக்குரியது. நெட்டியைச் சீவி ஒட்டி, மேலே காக்கித் துணி போர்த்திய சோலாத் தொப்பி. துரை குதிரையிலோ காரிலோ வந்தால் துண்டை எடுக்க வேண்டும். சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்க வேண்டும். இது வெறும் வீட்டுக்கதை இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வு கேட்ட அதே பட்டியலில், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய கட்டாயத்தை நீக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. அரிசிக்கும் சம்பளத்துக்கும் போராடியவர்கள் இதையும் விட்டுவிடவில்லை என்பது எனக்குப் பெரிய செய்தி.

1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு தோட்டத்துத் தமிழ் இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். காக்கித் துணியில், ஒரு பக்கம் சாய்த்து வைக்கிற மடிப்புத் தொப்பி. தோட்டத்துத் தமிழன் தலையில் தன் பெயரில் ஏறிய முதல் தொப்பி அதுவாகத்தான் இருக்கும் என்று தாத்தா சொல்லுவார். போர் முடிந்ததும் எங்கள் பக்கம் தொண்டர் படை எழுந்தது. பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி தலைமையில் இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். 1947இல் போலீசோடு மோதலாகி உயிர்ப்பலியும் ஆனது. அணிவகுப்பைத் தாத்தா வேலியோரம் நின்று பார்த்தாராம். “தலைய நிமித்திக்கிட்டு நடந்தானுங்கப்பா” என்பதைத் தவிர அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. மலேசியாவில் எங்கள் தோட்ட வரலாறு எழுதுகிறவர்களில் பலர் தொண்டர் படைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கொடுப்பதில்லை. அது போதாது.

அப்பா மரியாதைக்காகத் தன் தொப்பியைக் கழற்றியது கோயிலிலும் சாவு வீட்டிலும்தான். மேலாளர் வண்டி வந்தால் விளிம்பை இரண்டு விரலால் தொட்டுவிட்டு மரத்துக்குத் திரும்பிவிடுவார். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நடந்த மாற்றத்தை எனக்குக் காட்டியது அந்த இரண்டு விரல்தான்.

இலவசத் தொப்பிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உரக் கம்பெனி, களைக்கொல்லிக் கம்பெனி, சிகரெட், எண்ணெய், தேர்தலுக்குத் தேர்தல் கட்சியின் தராசுச் சின்னம் போட்ட நீலத் தொப்பி. தோட்டத்தில் எழுபது, எண்பதுகளில் தொப்பியை யாரும் காசு கொடுத்து வாங்கியதாக நினைவில்லை. முன்னால் பஞ்சு வைத்த உயரமான நெற்றி, பின்னால் பிளாஸ்டிக் வலை, அளவு மாற்றக் குமிழ்ப் பட்டை. அமெரிக்காவிலும் அதே காலத்தில் இதே கதைதான். தீவனம், விதை, டிராக்டர் விற்கிற கம்பெனிகள் விவசாயிகளுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் இதே வகைத் தொப்பியை விளம்பரத்துக்காகக் கொடுத்தன. நெற்றி உயரமாக வைத்ததே கம்பெனிப் பெயரைப் பெரிதாக அச்சடிக்கத்தான்.

அந்த வலை நல்லது. கெடா வெக்கைக்குக் காற்று போய் வரும். நெற்றிப் பஞ்சுதான் எனக்கு ஆகாது. வியர்வையைக் குடித்து மத்தியானத்துக்குள் கனத்துவிடும்; ஒரு வருடத்தில் மஞ்சள் பொடியாக உதிர ஆரம்பிக்கும், முடியெல்லாம் பொடி. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் செய்ததை நானும் செய்தேன்: பஞ்சைக் கவனமாகப் பிய்த்து எடுத்துவிட்டு, துணியை மட்டும் வைத்துக்கொள்வது. நெற்றி தளர்ந்து தலையோடு படியும். தாழ்ந்த உச்சிமேல் எனக்குள்ள பிரியம் அங்கே தொடங்கியது.

மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தது அக்கா. எண்பதுகளில் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பஸ் ஏறிச் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். தொழிற்சாலை பஸ் விடிகாலையில் வந்து தோட்டத்து முச்சந்தியில் நிற்கும். அக்கா ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என்னுடைய கிழிந்த தொப்பியை எடுத்து, பிளேடால் தையலைப் பிரித்து, துண்டு துண்டாகப் பாயில் பரப்பினாள். முக்கோணமும் இல்லை, இலையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வடிவம். ஆறு துண்டு. ஒவ்வொன்றிலும் காற்றுக்காக ஒரு தையல் கண். துண்டுகள் சேருகிற மூட்டின்மேல் உள்ளே ஒரு நாடா. ஆறும் கூடுகிற இடத்தை மறைக்கத்தான் உச்சிப் பொத்தான்; வேறு வேலை அதற்கு இல்லை. முன்விளிம்பின்மேல் எட்டு வரிசைத் தையல். விளிம்புக்குள்ளே இருந்தது வெறும் காகித அட்டை. அதனால்தான் மழையில் நனைந்த தொப்பி மறுநாள் நெளிந்து கிடக்கும், துவைத்தால் உள்ளே கூழாகிவிடும். அக்கா ஓர் ஐஸ்கிரீம் டப்பா மூடியை அதே வடிவத்தில் வெட்டி அட்டைக்குப் பதிலாக உள்ளே வைத்து, கையாலேயே எட்டு வரிசையும் தைத்தாள். வரிசைகளுக்கு நடுவில் இடைவெளி ஒரு மயிரிழை மாறவில்லை. பின்னால் கம்பெனிகளும் விளிம்புக்குள் பிளாஸ்டிக் வைக்க ஆரம்பித்தன.

பிறகு லயத்து ஆள்கள் தொப்பியும் கையுமாக வந்து நிற்பார்கள். அக்கா கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தலையாக அளப்பாள். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே, பின்மண்டை புடைப்புக்குக் கீழே. எனக்கு 59 சென்டிமீட்டர். பக்கத்து வீட்டு மாமாவுக்கு 55 தான். கம்பெனித் தொப்பி எதைப் போட்டாலும் காது மடங்கும். அவருக்கு இரண்டு துண்டுகளின் மூட்டில் உள்பக்கமாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இப்பத்தான் எனக்குத் தைச்ச மாதிரி இருக்கு தங்கச்சி” என்றார். அதுவரைக்கும் அவர் போட்டதெல்லாம் யாருக்கோ தைத்தது.

விளிம்பை வளைக்க எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. புதுத் தொப்பியைத் தண்ணீரில் முக்கி எடுத்து, விளிம்பை ஒரு மைலோ டின்னின்மேல் சுற்றி, கித்தாப் பாலில் செய்த ரப்பர் வளையத்தால் கட்டி ஒரு ராத்திரி வைப்பது. பால்டின் சிறியது, விளிம்பு குழாயாக மடங்கிவிடும். பிஸ்கட் டின் பெரியது, வளைவே விழாது. அப்பா அப்படிச் செய்ய மாட்டார். அவர் ஈரத்தொப்பியை அப்படியே தலையில் போட்டுக்கொண்டு அது காயும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பார். காய்ந்து முடிக்கும்போது துணி அவர் மண்டையின் மேடுபள்ளத்தைப் படித்திருக்கும்.

இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தபோதுதான் இந்தத் தொப்பியின் சொந்த விளையாட்டுக்குப் பக்கத்தில் போனேன். மலேசியப் பள்ளிகளில் பேஸ்பால் அபூர்வம். சாப்ட்பால் பரவலாக உண்டு. மாலை நான்கு மணி வெயில் மெர்போக் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கும். என்னை வெளிக்களத்தில் நிறுத்தினார்கள். உயரத்தில் எழும்பிய பந்து சூரியனுக்குள் போய் மறைந்துவிடும். தட்டை விளிம்பு மேலிருந்து வருகிற வெளிச்சத்தை மறைக்கும். பக்கத்திலிருந்து நுழைவதை மறைக்காது. வளைந்த விளிம்பு கண்ணுக்கு இருபுறமும் இறங்கி நின்று ஆகாயத்தை ஒரு சின்னத் துண்டாக்கிக் காட்டும். பந்து அந்தத் துண்டுக்குள் வந்து விழும். என் வளைந்த விளிம்புக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர்ஸ் சங்கம் 1849இல் வைக்கோல் தொப்பி போட்டு ஆடியது; 1860இல் புரூக்ளின் எக்செல்சியர்ஸ் அணி போட்ட, முன்விளிம்பு வைத்த துணித் தொப்பியிலிருந்துதான் இன்றைய தொப்பி வளர்ந்தது என்பார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் சூரியன் ஒன்றுதான்.

1990இல் கெடா கால்பந்து அணி முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1993இல் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்தே வென்றது. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை முழுக்க அணியின் பச்சையும் மஞ்சளும். அப்போது தோட்டத்து மனிதர்கள் முதன்முதலில் தொப்பிக்குக் காசு கொடுத்தார்கள். யாரோ கொடுத்ததை மாட்டிக்கொண்டவர்கள், எது தங்களுக்கு வேண்டும் என்று எடுத்துப் பார்த்துப் பேரம் பேசி வாங்கினார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லார் தலையிலும் ஒரே நிறம். அப்பாவும் ஒன்று வாங்கினார். அதை வேலைக்குப் போட்டதே இல்லை.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போய் மொட்டை போட்ட வருடங்களில் தொப்பியின் அளவே மாறிவிடும். முடி போனதும் கொக்கியை இரண்டு ஓட்டை உள்ளே தள்ள வேண்டும். மொட்டையில் பூசிய சந்தனம் உள்பட்டையில் ஏறி, அடுத்த முடி வளருகிற வரைக்கும் மணத்துக்கொண்டிருக்கும். மழித்த தலையில் கரடான தையல் எது, மெத்தென்ற தையல் எது என்று துல்லியமாகத் தெரியும். தொப்பி வாங்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

அக்கா மகன் தட்டை விளிம்புக்காரன். உறுமி மேளம் அடிக்கிறவன். 2006இல் யோகி பி & நட்சத்திரா ராப் குழுவின் ‘வல்லவன்’ பாடல் தொகுப்பு வந்த சமயத்தில் எங்கள் பிள்ளைகளிடம் அந்த உயர்ந்த நெற்றியும் தட்டை விளிம்பும் கொண்ட தொப்பி பரவியது. அளவு மாற்றப் பட்டையே இல்லாமல், பின்பக்கம் முழுக்க மூடித் தைத்த தொப்பி. நியூ எரா என்ற பஃபலோ நகரத்துக் கம்பெனி 1954இலிருந்து செய்கிற வகை. உள்ளே ஏழேகால், ஏழு மூன்று எட்டு என்று எண் இருக்கும். கடையில் இந்த எண்ணைக் கண்டு குழம்புகிறவர்கள் பலர். தலைச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து 3.14ஆல் வகுத்தால் வருகிற எண் அது. தலையை வட்டமாக நினைத்தால் அதன் குறுக்களவு. ஏழேகால் என்பது ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். என் 59க்கு ஏழு மூன்று எட்டு.

“ஏன்டா இதை வளைக்காம வெச்சிருக்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வளைச்சா மூஞ்சி மறைஞ்சிடும் மாமா. மேளம் அடிக்கும்போது நம்ம மூஞ்சி தெரியணும்ல?”

தொப்பியை நெற்றிக்கு மேலே ஏற்றி, விளிம்பு வானத்தைப் பார்க்க வைத்திருந்தான். வெயிலுக்கு அது ஒரு துளியும் உதவாது. ஆனால் அவன் மேளம் அடிப்பது ராத்திரியில், விளக்கு வெளிச்சத்தில், ஆயிரம் பேருக்கு முன்னால். அவன் சொன்னது சரி. அவனுடைய தொப்பியை நான் போட மாட்டேன். என்னுடையதை அவன் போட மாட்டான். அதன் பிறகு அவன் விளிம்பைப் பற்றி நான் பேசியதில்லை.

செமிலிங் படகுத்துறையில் இன்னொரு வகை உண்டு. மெர்போக் ஆற்றில் கடல்காற்று ஏறிவரும்போது தளர்ந்த தொப்பி நிற்காது. படகுக்காரர்கள் பட்டையை இறுக்கி, புருவம்வரை இழுத்துவிடுவார்கள். சிலர் பின்பட்டையில் நூல் கட்டிச் சட்டைக் காலரில் முடிந்திருப்பார்கள். நெற்றியில் சிவந்த தழும்பு விழுந்திருக்கும். எனக்கு அந்த இறுக்கம் தலைவலி தரும். ஆற்றில் போகும்போது கழற்றிக் கையில் வைத்துக்கொள்வேன்.

கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையில் குலை விழும், மட்டை விழும். கெட்டியான பாதுகாப்புத் தொப்பி போட வேண்டும், அதில் விருப்பத்துக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. தோட்டத்துச் சனம் பட்டணத்துக்குச் சிதறியது. பீடோங்கிலிருந்து செமிலிங் வருகிற சாலையில் இப்போது எய்ம்ஸ்ட் பல்கலைக்கழக வளாகம் பரந்து கிடக்கிறது. வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் தலையில் விதவிதமான தொப்பி. அவர்களில் பால் வெட்டினவர்களின் பேரப்பிள்ளைகள் பலர்.

அப்பா இப்போது சுங்கைப்பட்டாணியில் என்னோடு இருக்கிறார். முடி அடர்த்தி குறைந்துபோனதால் பழைய தொப்பிகள் அவருக்கு இறங்கிவிட்டன. தொப்பி வாங்க அவரையே கடைக்குக் கூட்டிப்போகிறேன். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அவர் உடனே மாட்டுவதில்லை. முதலில் உள்ளே திருப்பி உள்பட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். மூட்டு நாடா சரியாகப் படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். விளிம்பை மெல்ல வளைத்து, திரும்பி வருகிறதா என்று விடுவார். பிறகு போடுவார், அதுவும் முதலில் பின்னோக்கித்தான். விளக்குப் பட்டைக்கு இடமிருக்கிறதா என்று பார்ப்பதைப்போல நெற்றியை விரலால் ஒரு சுற்றுத் தடவுவார். அப்புறம்தான் ஒரே கையால் முன்னே திருப்புவார். பிடிக்காவிட்டால் அடுத்தது. கடைக்காரருக்கு அவசரம் இருக்கலாம், நான் அவசரப்படுத்துவதில்லை. விலை பத்து வெள்ளியா முப்பது வெள்ளியா என்பதைக்கூட அவர் கடைசியில்தான் கேட்பார்.

தோட்டத்திலிருந்து வந்த அப்பாவோ மாமாவோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், தீபாவளிக்கோ பொங்கலுக்கோ அவர்களுக்குத் தொப்பி வாங்க நினைத்தால், நீங்களாக ஒன்றை எடுத்து உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். அவர்களையும் கடைக்கு அழைத்துப் போங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அவர்களே எடுக்கட்டும்.